ஞாயிற்றுக்கிழமை ஐஸ்

பாலாவிச் சந்தியில் கற்பிட்டிப் பாதைக்குத் திரும்பும்போது பின்னேர அசர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. தில்லையடியிலிருந்து அதுவரை நடந்தே வந்திருந்தேன். பஸ்ஸுக்குக் காசில்லாமல் இல்லை. பஸ்ஸில் தெரிந்த முகம் ஒன்றாவது இருக்கும், எங்கே போகிறாய் என்று கேட்கும், அதற்கு ஒரு பதிலைத் தேடவேண்டும். அந்தச் சனிக்கிழமை எனக்கு அதற்குத் தெம்பில்லை. நடந்து போகிறவனை யாரும் மறித்துக் கேட்பதில்லை.

தோளில் பை. அதற்குள் சாரம், சேர்ட், போன் சார்ஜர், பாதி முடிந்த ஒரு சவர்க்காரக் கட்டி. எந்த வேலையை விட்டுக் கிளம்பினாலும் என் பை இந்தக் கனம்தான். வலப்பக்கம் உப்பளம் வெளிச்சத்தைத் திருப்பி அடித்துக்கொண்டிருந்தது. நான் முதன்முதலில் கூலி வாங்கியது அந்த உப்பளத்தில்தான். மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த முஸ்லிம்களின் பிள்ளைகள் எங்களில் பலபேர் அங்கேதான் தொடங்கினோம். முகாம் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு நின்ற பிறகு உப்பு, இறால் பண்ணைக் காவல், கண்டக்குழியில் ஒரு பருவம் வலை இழுப்பு, எத்தாளை ஒழுங்கைகளில் பேக்கரிப் பாண் விற்கும் ஓட்டோ, புத்தளத்தில் ஓர் அச்சகத்தில் எழுத்துப் பிழை பார்ப்பது என்று வாழ்க்கை போனது. எதையும் யாரும் பிடுங்கவில்லை. நானாக விட்டு விட்டு வந்தேன்.

அன்று விட்டுவந்தது வேறுமாதிரி வேலை. ஒரு கருவி எப்படி இயங்குகிறது என்று சாதாரணத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். சொல்ல ஒரு வரி. அதை விளங்கிக்கொள்ள எனக்கு மாரிகாலத்தில் பாதி போயிற்று.

தில்லையடியில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேலே இருந்தது அந்த அறை. உள்ளூர்ப் பெண்கள் சிலர் கணினியில் புரோகிராம் எழுதும் இடம். நடத்தியவர் வெளிநாட்டில் பல வருடம் கணினி வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். எல்லோரும் அவரைச் சேர் என்றார்கள், நானும் சேர் என்றேன். அச்சகத்துக்கு ஒரு துண்டுப் பிரசுரம் அடிக்க வந்தவர், நான் அவருடைய நீண்ட வசனங்களை வெட்டிச் சின்னதாக்கியதைப் பார்த்து, இப்படி எழுதுகிற ஆள்தான் எனக்கு வேண்டும் என்று கூட்டிப்போனார். எனக்குக் கணினி தெரியாது என்றேன். தெரியாதவர்தான் வேண்டும் என்றார்.

காரணம் சிலாபத்தில் இருந்த ஒரு மீன் முதலாளி. கரை நெடுகிலும் மீன் எடுக்கிறவர். சொந்தமாக ஐஸ் ஆலையும் லொறிகளும் வைத்திருந்தார். எந்த மீன்பிடித் துறைக்கு எந்த நாளில் எத்தனை கட்டி ஐஸ் அனுப்புவது என்று காலையில் போனில் சொல்லும் ஒரு புரோகிராமை அந்த அறையில் எழுதிக்கொண்டிருந்தார்கள். முதலாளி முன்பு ஒருமுறை வேறு யாரிடமோ ஏமாந்தவர். ஆகவே படித்த மருமகன் ஒருவன் சொல்லிக்கொடுத்து, ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். புரோகிராமைச் சோதித்துப் பார்த்ததற்குக் கவரேஜ் என்று ஒரு கணக்கு இருக்கிறதாம், அது நூற்றுக்கு இத்தனை வீதம் காட்டவேண்டும். அதோடு, அந்த வீதம் என்றால் என்ன என்று தனக்கு விளங்குகிற தமிழில் ஒரு தாளும் வேண்டும். விளங்காத ஒன்றுக்குக் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அந்தத் தாளை எழுதத்தான் நான் போனேன்.

அறையில் சோதனைகளுக்குப் பொறுப்பாக இருந்த பெண் எனக்குக் கருவியைக் காட்டித்தர வேண்டியிருந்தது. கணவன் கட்டாரில். பிள்ளை பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தது. மணியடித்ததும் ஓடிப்போய்க் கூட்டிவந்து உம்மா வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பி வருவாள். கொழும்புக்குப் போய் வேலை செய்ய வீட்டில் விடமாட்டார்கள். அவளுக்கும் விருப்பமில்லை. இந்த ஒப்பந்தம் கையெழுத்தானால் அறை நிற்கும், ஆகாவிட்டால் மூடவேண்டியதுதான் என்று சேர் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். மூடினால் மற்றவர்கள் எதையாவது பார்த்துக்கொள்வார்கள். அவளுக்குத் தில்லையடியில் வேறு அறை இல்லை. அதை அவள் முறைப்பாடாகச் சொல்லவில்லை. தேத்தண்ணி குடித்துக்கொண்டு, மழை வரும்போல இருக்கு என்பதைப் போலச் சொன்னாள்.

முதல் நாள் நான் எழுதியதை அவள் வாசித்துவிட்டு ஒரே கோட்டில் வெட்டினாள். 'இது புரோகிராமைச் சோதிக்கும் கருவி' என்று எழுதியிருந்தேன். என்னை அவள் நானா என்பாள், அண்ணன் என்று அர்த்தம்.

"அது ஒண்டையும் சோதிக்காது நானா. சோதிக்கிறது நாங்க. அது பக்கத்தில நிண்டு நாங்க எங்கெங்க போனோம் எண்டு பாத்துக்கொண்டு இரிக்கும்."

அதை எழுத எனக்குச் சில நாட்கள் பிடித்தன. புரோகிராம் என்பது ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிய கட்டளை வரிகள். வெள்ளிக்கிழமையா என்று பார், ஆம் என்றால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய் என்பதுபோல. சோதனை என்பது அந்த வரிகளை ஓடவைத்துப் பார்க்க எழுதிய வேறு வரிகள். இன்ன துறை, இன்ன நாள், சொல்லு பார்ப்போம் என்று கேட்கும். வருகிற பதில் சரியா என்று ஒப்பிடும். கருவி என்ன செய்கிறது என்றால், எல்லாம் தொடங்குவதற்கு முன் புரோகிராமை ஒரு பிரதி எடுத்து, ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ஓர் எண்ணியைச் சொருகிவிடுகிறது. சோதனைகள் ஓடுவது அந்தப் பிரதியின்மேல். ஒரு வரியைக் கடந்தால் அந்த வரியின் எண்ணி ஒன்று கூடும். கடைசியில் எண்ணிகளைக் கூட்டி, ஒருமுறையாவது கடந்த வரிகளைப் பச்சையாகவும் கடக்காதவற்றைச் சிவப்பாகவும் திரையில் போட்டுக் காட்டும். இரண்டு வழி பிரிகிற இடத்தில் ஒரு வழி மட்டும் போயிருந்தால் மஞ்சள். பச்சையை நூற்றுக்கு இத்தனை என்று கணக்கிட்டால் அதுதான் கவரேஜ்.

அந்தப் பிரதியைக் காட்டச் சொன்னேன். யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை என்றாள். திறந்தாள். அவள் எழுதிய ஒழுங்கான வரிகளுக்கு நடுவே எண்ணிகள் வரிக்கு வரி நுழைந்து, பார்க்கவே களைப்பாக இருந்தது. நான் நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பாண் ஓட்டோ ஞாபகம் வந்தது.

எத்தாளையில் பேக்கரி முதலாளி பின்னேரம் கேட்பார்: எல்லா ஒழுங்கைக்கும் போனாயா? போனேன் என்பேன். அது பொய்யில்லை. பாட்டைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு ஒழுங்கையாகப் போய்த்தான் வந்தேன். நிறுத்தினாயா, யாராவது வாசலுக்கு வந்தார்களா, பாண் சூடாக இருந்ததா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். அவளிடம் இதைச் சொன்னபோது சிரித்தாள்.

"அப்ப எங்கட கருவி உங்கட பேக்கரி முதலாளி."

"அவர் இதைவிடக் கொஞ்சம் ஏசுவார்."

அந்த உதாரணத்தைத் தாளில் சேர்த்தேன். சேருக்கும் பிடித்தது.

பிறகுதான் நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். திரையில் அறிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கரையில் தாமதமாக வரும் படகுகளைப் பற்றிய வரிகள் எங்கே என்று கேட்டேன். அப்படி ஒரு பகுதி இருப்பது எனக்குத் தெரியும், அவர்கள் மத்தியானச் சாப்பாட்டில் அதைப் பற்றித்தான் சண்டை பிடிப்பார்கள். அறிக்கையில் அது பச்சையாகவும் இல்லை, சிவப்பாகவும் இல்லை. இல்லவே இல்லை. அவள் திரையை உருட்டி உருட்டிப் பார்த்தாள். எந்தச் சோதனையும் அந்த வரிகள் இருந்த கோப்பைத் திறக்கவில்லை. திறக்காத கோப்பில் கருவி எண்ணி சொருகுவதில்லை. எண்ணி இல்லாவிட்டால் அது கணக்கிலேயே வராது. ஓட்டோ போகாத கிராமத்தைப் பேக்கரி முதலாளி வரைபடத்திலிருந்தே எடுத்துவிட்டமாதிரி. எல்லாக் கோப்பையும் கணக்கில் எடு என்று கருவிக்குத் தனியாகச் சொல்லவேண்டும். அவள் சொன்னாள். வீதம் தடாலென்று இறங்கியது.

என் தாளுக்கு அது நல்ல பந்தியாயிற்று. அறைக்கு அது கெட்ட வாரமாயிற்று. ஒப்பந்த நாள் நெருங்கிவிட்டது. சேர் பெண்களைக் கூப்பிட்டு, எப்படியாவது பச்சையைக் கூட்டுங்கள் என்றார். அவர் கத்தவில்லை. அவருக்கும் இரவில் தூக்கமில்லை என்று முகத்தில் தெரிந்தது. அந்த வாரம் முழுக்க அவர்கள் சோதனை எழுதினார்கள். வீதம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, வேண்டிய இடத்துக்கு வந்து நின்றது. சேர் எல்லோருக்கும் ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தார். புரோகிராமை முதலாளிக்கு அனுப்பி, சனிக்கிழமையிலிருந்து லொறிகள் பரீட்சார்த்தமாக அதன்படி ஓடும் என்றும், திங்கட்கிழமை கையெழுத்து என்றும் முடிவாயிற்று.

சனிக்கிழமை காலையில் நான் கடைசிப் பந்தியை எழுதிக்கொண்டிருந்தேன். பச்சை எதைச் சொல்லாது என்பதைப் பற்றியது. ஓர் உதாரணம் வேண்டியிருந்தது. அவர்களுடைய புரோகிராமிலிருந்தே ஒரு சின்ன இடத்தை எடுத்தேன். துறைகளின் ஓய்வுநாளைப் பார்க்கும் இடம். ஓய்வுநாளில் ஐஸ் அனுப்பக்கூடாது என்பது முதலாளியின் சொல். வரிகள் குறைவு, எல்லாம் பச்சை. அதை அப்படியே பிரதிசெய்து கீழே இப்படி எழுதினேன்: 'இந்த வரியைச் சோதனை கடந்துபோனது என்றுதான் பச்சை சொல்கிறது. கடந்தபோது என்ன பதில் வந்தது என்றோ, வந்த பதிலை யாராவது பார்த்தார்களா என்றோ கருவிக்குத் தெரியாது.'

அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தாள். முதலில் கோபம் வந்தது. எங்களைக் குறை சொல்கிறமாதிரி இருக்கிறது என்றாள். பார்க்காமல் யார் சோதனை எழுதுவார்கள்? அதைக் காட்டுவதற்காகவே தன் கதிரைக்குப் போய் அந்த இடத்துக்கு எழுதிய சோதனையைத் திறந்தாள். நான் திரும்பிப் பார்த்தபோது அவள் இரண்டு கையையும் மேசையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நானா, நீங்க கண்டக்குழியில வேலை செஞ்சீங்கதானே?"

"ஓம்."

"ஞாயித்துக்கிழமை அங்க கடலுக்குப் போவாங்களா?"

இல்லை என்றேன். அங்கே வேதக்காரர்கள், ஞாயிறு பூசை, படகு இறங்காது. சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது.

எங்கள் பக்கத்தில் ஓய்வு என்றால் வெள்ளி. எங்கள் துறைகளில் வெள்ளிக்கிழமை படகு போகாது, ஜும்ஆத் தொழுகை. அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் அது யோசித்துப் பார்க்க வேண்டிய விஷயமே இல்லை. அவர்கள் எழுதிய வரியும் அப்படித்தான்: வெள்ளி என்றால் எந்தத் துறைக்கும் ஐஸ் இல்லை. ஞாயிறு என்றால் எல்லோருக்கும் ஐஸ். சிலாபம்வரை உள்ள கத்தோலிக்கத் துறைகளுக்கு இரண்டுமே தலைகீழ். சோதனையில் வெள்ளிக்கிழமைப் பதிலை ஒப்பிட்டுப் பார்த்திருந்தார்கள். ஞாயிற்றுக்கு, அந்த அவசர வாரத்தில், கண்டக்குழி, ஞாயிறு என்று ஒரு தடவை கேட்டதோடு விட்டிருந்தார்கள். ஒப்பிடவில்லை. கேட்டதே போதும், வரி பச்சையாகிவிடும்.

நான் கண்டக்குழியில் ஒரு பருவம் இருந்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வெறும் கரையில் படுத்துக் கிடந்தவன். அந்த வரியை என் கையால் தாளில் பிரதிசெய்தேன், எனக்கும் தெரியவில்லை. பச்சையாக இருந்தது, போய்விட்டேன்.

அவள் ஒப்பிடும் வரியைச் சேர்த்துச் சோதனையை ஓட்டினாள். தோல்வி என்று வந்தது. ஆனால் கவரேஜ் வீதம் அசையவே இல்லை. முன்பு இருந்த அதே எண். சரியான பதிலுக்கும் பிழையான பதிலுக்கும் அந்தக் கருவியிடம் ஒரே நிறம். அவள் அந்த வாரம் எழுதிய மற்றச் சோதனைகளையும் திறந்தாள். பல இடங்களில் இதே கதை. கேட்டிருக்கிறது, பதிலைப் பார்க்கவில்லை.

சேரைக் கூப்பிட்டோம். அவர் நின்றபடியே கேட்டார். பிறகு உட்கார்ந்தார். இப்போது புரோகிராமில் கைவைத்தால் ஏன் என்று முதலாளி கேட்பார், சோதனை தோல்வி என்று வந்தால் திங்கட்கிழமை கையெழுத்து இல்லை, கையெழுத்து இல்லாவிட்டால் அறை இல்லை என்றார். நாளைக்கு ஒரு ஞாயிறு. கொஞ்சம் ஐஸ் உருகும், அவ்வளவுதான். திங்கள் கையெழுத்தானதும் முதல் வேலையாகத் திருத்தலாம்.

"வெள்ளிக்கிழமை?" என்று அவள் கேட்டாள்.

ஞாயிறு ஐஸ் உருகினால் ஐஸ்தான் நட்டம். வெள்ளிக்கிழமை கண்டக்குழிப் படகுகள் மீனோடு வரும்போது கரையில் ஐஸ் இருக்காது. வெள்ளிக்கு முந்தித் திருத்திவிடலாம், இன்ஷா அல்லாஹ் என்றார் சேர். பிறகு என்னிடம் திரும்பி, அந்தக் கடைசிப் பந்தியை எடுத்துவிடுங்கள் என்றார். அதிலே பொய் ஒன்றும் இல்லை, ஆனால் இப்போது அது தேவையில்லை.

அவர் போன பிறகு, எடுக்கவா என்று நான் அவளைக் கேட்டேன். அந்தப் பந்தி இருந்தால் என்னைவிட அவளுக்குத்தான் கேடு. எடுத்தாலும் அவளுக்குத்தான்.

"எடுங்க நானா."

"யோசிச்சா சொல்றீங்க?"

"நீங்க யோசிக்கலாம். நாளைக்கு எங்கயாச்சும் போயிடுவீங்க. நான் திங்கக்கிழமையும் இந்தக் கதிரையிலதான் இரிக்கோணும்."

அவள் திரையைப் பார்த்துக்கொண்டுதான் அதைச் சொன்னாள். நான் பந்தியை எடுத்தேன். மேலே இருந்த பந்தியும் கீழே இருந்த நன்றி வரியும் வந்து ஒட்டிக்கொண்டன. நடுவே ஒன்று இருந்த அடையாளமே இல்லை. அச்சடித்துச் சேரின் மேசையில் வைத்தேன். என் வேலை முடிந்துவிட்டது என்றேன். அடுத்த வேலைக்கும் ஒரு தாள் எழுதவேண்டியிருக்கும், நில்லுங்கள் என்றார். பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினேன்.

பாலாவி தாண்டியதும் நுரைச்சோலைக்கு மரக்கறி ஏற்றப்போன வெற்று லொறி ஒன்று ஏற்றிக்கொண்டது. சாரதி ஒன்றும் கேட்கவில்லை. அனல்மின் நிலையப் புகைபோக்கி தெரியத் தொடங்கி, பெரிதாகி, பின்னால் போயிற்று. அங்கிருந்து இன்னொரு வண்டி. எத்தாளையைக் கடக்கும்போது என் பழைய ஒழுங்கைகளில் வேறு யாரோ பாண் ஓட்டோ ஓட்டிக்கொண்டு போனான். அதே பாட்டு. அவன் நிறுத்துகிறானா என்று பார்த்தேன், நிறுத்தவில்லை.

கண்டக்குழியில் நான் முன்பு வலை இழுத்த வாடிக்காரர் இன்னும் அங்கேயே இருந்தார். வாடி என்றால் கரையில் போட்ட ஓலைக் கொட்டில், பருவத்துக்கு மீன்பிடிக்க வருகிறவர்கள் தங்குவது. அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை.

"வந்திட்டியா? போன தடவை சொல்லாமப் போனாய். இந்தத் தடவையாவது போகக்குள்ள சொல்லிப்போட்டுப் போ."

படுக்க இடம் தந்தார். வேலை திங்கட்கிழமைதான், நாளைக்கு ஒன்றும் இல்லை என்றார். எனக்குத் தெரியும் என்றேன்.

காலையில் கோயில் மணி கேட்டு எழுந்தேன். கரையில் படகுகள் எல்லாம் மேலே இழுத்துவைக்கப்பட்டிருந்தன. கழுதைகள் மட்டும் நடமாடின. அண்ணன் வெள்ளைச் சேர்ட் போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, பூசைக்குப் புறப்பட்டு நின்றார். அப்போதுதான் லொறி வந்தது. பின்னால் நீர் ஒழுகிக்கொண்டு, மணலில் கோடு போட்டபடி.

சாரதி சிலாபத்துச் சிங்களவர். தமிழ் நன்றாகவே கதைத்தார். இறங்கி வெறும் கரையைப் பார்த்தார், போனைப் பார்த்தார், மறுபடி கரையைப் பார்த்தார். முதலாளியின் புதுப் போன்வேலை இது, இங்கே இறக்கு என்று போட்டிருக்கிறது, இறக்காமல் திரும்பினால் தனக்கு ஏச்சு விழும் என்றார்.

அண்ணன் இடுப்பில் கைவைத்துச் சிரித்தார்.

"ஞாயித்துக்கிழமை ஐஸ் அனுப்பின அந்தப் புத்திசாலி ஆரு? அவனை ஒருக்காக் கூட்டிவா. பூசைக்குக் கூட்டிப்போய் முன்வரிசையில இருத்துறன்."

பூசைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்களும் சிரித்தார்கள். ஆள் யார் என்று எனக்குத் தெரியும். அவள் ஞாயிற்றுக்கிழமையும் பிள்ளைக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டுக் கதிரைக்குப் போயிருப்பாள்.

சாரதியின் கையாள் அன்று வரவில்லை. இவ்வளவு ஐஸையும் தனியாக இறக்கமுடியாது, கை கொடுக்கிறாயா என்று என்னைக் கேட்டார். அண்ணன் வாடிக்குப் பின்னால் இருந்த ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பெட்டிகளைக் காட்டி, மரத்தூள் போட்டு மூடினால் நாளைக்குப் பாதியாவது மிஞ்சும் என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போனார். சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு கட்டிகளைச் சுமந்தேன். கை மரத்துப்போனது. முதுகில் தண்ணீர் இறங்கியது. பாதி இறக்கியபோது போன் அடித்தது. அவள்தான்.

"கண்டக்குழியிலதானே நிக்கிறீங்க?"

"எப்பிடித் தெரியும்?"

"வேற எங்க போவீங்க. ஐஸ் வந்திச்சா?"

"ஓம். இறக்கிக்கொண்டுதான் நிக்கிறன்."

அந்தப் பக்கம் சத்தம்போட்ட பிள்ளையை அதட்டினாள். பிறகு ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். மேலே இழுத்துவைத்த படகுகளும் தெரியவேண்டும், ஐஸும் தெரியவேண்டும். என்னத்துக்கு என்று கேட்டேன்.

"முதலாளிக்கு அனுப்பத்தான். உங்கட பந்தியோட. நீங்கதான் அழிச்சீங்க, நான் என்ட பிரதிய அழிக்கல்ல."

"சேருக்குத் தெரியுமா?"

"இனித்தான் சொல்லோணும்."

இதனால் அறை மூடப்பட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். அது தனக்குத் தெரியாது என்றாள். நேற்று முழுக்க அதைத்தான் யோசித்தாளாம். திருத்தி முடிக்க ஒரு வாரம் வேண்டும், அந்த ஒரு வாரத்தைத் தாருங்கள் என்று முதலாளியிடம் நேராகவே கேட்கப்போகிறாள். தந்தாலும் சரி, தராவிட்டாலும் சரி.

"வெள்ளிக்கிழமை அவங்கட மீன் கரையில கிடந்து நாறினா, அந்தப் பச்சைக் கோட்டுக்கு நான்தானே பொறுப்பு. அத வச்சிக்கொண்டு எப்பிடி நானா அங்க இரிக்கிறது?"

நான் படம் எடுத்தேன். ஒரு கழுதை குறுக்கே வந்துவிட்டது. இன்னொன்று எடுத்தேன். அனுப்பியதும் அவளிடமிருந்து ஒரு வரி வந்தது: நீங்கள் எழுதியதைவிட இது லேசாக விளங்குது. அது உண்மைதான். எனக்கு மனத்தாங்கல் இல்லை.

மிச்சக் கட்டிகளை இறக்கி, மரத்தூளை அள்ளிக் கொட்டி, மேலே சாக்கு விரித்து முடித்தபோது சாரதி போனில் ஓர் இடத்தைத் தட்டினார். கண்டக்குழி என்ற பெயருக்குப் பக்கத்தில் பச்சையாக ஓர் அடையாளம் வந்தது. எட்டிப் பார்த்தேன். இன்னும் பல துறைகள் கீழே காத்துக்கிடந்தன. அவற்றிலும் சில ஞாயிறு மூடியவை. அங்கேயும் ஐஸ் இறக்கவேண்டும்.

கையாள் இனி வரமாட்டான்போல, முதுகுவலியாம், நீ ஏறு என்றார் சாரதி. சாப்பாடும் கூலியும் முதலாளியின் கணக்கு, படுக்கச் சிலாபத்தில் ஆலைக்குப் பின்னால் இடம் இருக்கிறது. பூசைக்குப் போன அண்ணன் திரும்பி வரவில்லை. இந்தத் தடவையாவது சொல்லிவிட்டுப் போகவேண்டும் என்று கொட்டிலின் பக்கம் பார்த்தேன். பிறகு சாரதியைக் கொஞ்சம் நிற்கச் சொல்லிவிட்டுக் கோயில் வாசல்வரை ஓடி, ஜன்னலோரம் இருந்த அவருக்குக் கையைக் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார். திரும்பி வந்து லொறியில் ஏறினேன். கதவு சரியாகச் சாத்தாது, கயிற்றால் கட்டவேண்டும் என்றார் சாரதி. கட்டினேன்.

"மல்லி," என்று சிங்களத்தில் தம்பி சொல்லிக் கேட்டார், "நீ முஸ்லிம்தானே? வெள்ளிக்கிழமை பள்ளிக்குப் போவியா?"

"போவேன்."

"அப்ப வெள்ளிக்கிழமை இங்க ஐஸ் இறக்கிறது ஆரு?"

"வெள்ளிக்கிழமை இங்க ஐஸ் வருதா எண்டு முதல்ல பாப்பம்" என்றேன். அவர் கியரைப் போட்டார்.